சனிக்கிழமைக் கப்பல்

அல்பேனியாவின் தலைநகர் திரானாவில், வெளியுறவு அமைச்சகத்தின் விருந்துப் பிரிவில் எனக்கு வேலை. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தத் தூதர் எந்த நாற்காலியில் உட்காருவது, யார் பக்கத்தில் யாரை வைத்தால் வம்பு வராது என்று படம் போட்டுக் கொடுப்பேன். உலக அரசியலை நான் பிட்டத்தின் அளவில் கற்றவன்.

1961 நவம்பர் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை. பிரிவுத் தலைவர் ஹுஸ்னி, நான் போட்டுக் கொடுத்த புத்தாண்டு விருந்துப் படத்தை என் மேசை மேல் எறிந்தார்.

“சோவியத் தூதருக்கு நாற்காலி வேண்டாம்.”

“எந்த வரிசைக்கு மாத்தணும் தோழர்?”

“மாத்தச் சொன்னேனா? வேண்டாம்னு சொன்னேன். மத்தவங்களை நெருக்கி உட்கார வை. இது மட்டும் உன் வாயை விட்டு வெளியே போச்சு, உனக்கும் நாற்காலி இருக்காது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். நாற்காலி இல்லையென்றால் புத்தாண்டுக்குள் சோவியத் தூதரகமே இருக்காது என்று அர்த்தம்.

என் மனைவியோ ரஷ்யப் பெண். ஜினாயிதா, எனக்கு ஜீனா. மாஸ்கோவில் படிக்கும்போது காதலித்துக் கட்டிக்கொண்டேன். அன்று அதற்குக் கட்சியே கைதட்டியது. அவள் குழந்தைகள் மருத்துவர். எங்களுக்கு நாலு வயதில் திரிதா என்று ஒரு மகள். இரு நாட்டுக் கட்சிகளும் ஒன்றையொன்று திட்டத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. சோவியத் பொறியாளர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். ஜீனா முன்பு கக்குவான் இருமலில் இருந்து காப்பாற்றிய குழந்தையின் தாயே, இப்போது அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். “கட்சிக்காரங்க சண்டை போட்டா போடட்டும். நான் என்ன கட்சியையா கட்டிக்கிட்டேன்?” என்பாள் ஜீனா.

தூதரகம் இருக்கும்வரை அவளுக்காகக் கேட்க ஓர் ஆள் உண்டு. அதுவும் பூட்டப்பட்டால்? உளவாளி என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால் போதும். மனைவி முகாமில், மகள் அநாதை விடுதியில், நான் சுரங்கத்தில். என்னைப் பற்றியும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை துர்ரஸ் துறைமுகத்திலிருந்து சோவியத் நாட்டின் ஒதெஸ்ஸாவுக்கு ஒரு கப்பல் இருந்தது. அடுத்தது வருமா என்று எனக்குத் தெரியாது. சொன்னால் அரசு ரகசியத்தை வெளியிட்ட குற்றம். சொல்லாவிட்டால் கப்பல் போய்விடும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வீட்டில் வாய் திறக்கவும் பயம். பக்கத்து வீட்டுக்காரர் தும்முவதே எங்களுக்குக் கேட்கும்.

புதன்கிழமை விடுதலைத் திருநாள். ஊரெல்லாம் கொடி, வாத்தியம். ஏரிக்கரைக்கு இருவரையும் அழைத்துப் போனேன். வாத்தியக் கோஷ்டி நெருங்கி வரும்வரை காத்திருந்து பேச்சை எடுத்தேன்.

“ஜீனா, ஊருக்குப் போய் ரொம்ப நாளாச்சுல்ல? சனிக்கிழமை கப்பல்ல குழந்தையைக் கூட்டிட்டுப் போயிட்டு வாயேன்.”

“டிசம்பர்லயா? மூக்கு உறைஞ்சு கீழ விழும். என்ன விஷயம் லாசர்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு நாளா தட்டைப் பார்த்து முழிக்கிற? விவாகரத்து பண்ணச் சொல்லிட்டாங்களா?”

“ஐயோ, இல்ல.”

“பின்ன என்ன? என்னைக் கப்பல்ல ஏத்திட்டு நீ ஹுஸ்னி இடத்துல போய் உட்காரப் போறியா? ரஷ்யாக்காரி பெத்தியை விரட்டிட்டு அவ புருஷன் பதவி வாங்கின மாதிரி?”

அது சுருக்கென்று தைத்தது. கோபத்தில்தான் சொன்னேன், தைரியத்தில் அல்ல.

“புத்தாண்டு விருந்துல உங்க தூதருக்கு நாற்காலி இல்லடி.”

ஆறு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. வாத்தியம் எங்களைத் தாண்டிப் போனது.

“நீ?”

“என்னை விட மாட்டாங்க.”

தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்த மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. “கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடிதான் இருக்கு, பத்தாது” என்றாள்.

திரிதாவின் பெயர் தாயின் பாஸ்போர்ட்டில் இருந்ததால் சனிக்கிழமை சிக்கல் ஏதும் வரவில்லை. ஜீனா என் மேல்கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான் முடிந்தது; கூட்டத்தில் நாலு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் நகர்ந்தபோது திரிதா இரண்டு கையையும் ஆட்டினாள். திரும்பும் ரயிலில் என்னால் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் உறவு முறிந்தது. தூதரகத்தில் பெட்டிகள் ஏற்றினார்கள். ஹுஸ்னி என்னை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“பொண்டாட்டி கப்பல் ஏறிட்டாளாமே?”

“ஆமா தோழர்.”

“சனிக்கிழமையே! நல்ல ராசிப்பா உனக்கு.” ஆரஞ்சு உரித்துக்கொண்டே பேசினார். “ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும் லாசர். நான் சொன்னதை நீ வீட்ல உளறியிருக்க. அப்படின்னா உன்கூட நானும் சுரங்கத்துக்கு வரணும். இல்லைன்னா, யாரும் சொல்லாமலே, கட்சி மேல இருக்கற பற்றுல அவளை விரட்டிட்ட. எது?”

பதிலை ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். தாளை என் பக்கம் நகர்த்தினார். ‘எதிரிகளின் பெண் என்பதை உணர்ந்து, மனைவி ஜினாயிதாவையும் மகள் திரிதாவையும் என் சொந்த முடிவின்படி வீட்டை விட்டு வெளியேற்றினேன். அவர்களோடு எனக்கு இனி எந்த உறவும் இல்லை.’

“குழந்தை பேரை மட்டும் எடுத்துடுங்க தோழர். நாலு வயசு.”

“அடிச்சாச்சுப்பா. மறுபடி அடிச்சா, ஏன் அடிச்சேன்னு கேட்பாங்க.”

கையெழுத்துப் போட்டேன். அவர் ஆரஞ்சில் பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். பிப்ரவரியில் துணைத் தலைவர் ஆனேன்.

அதன் பிறகு முப்பது வருடம் ஒரு கடிதம்கூட வரவில்லை, போகவும் இல்லை. ஆட்சி விழுந்து, உறவு திரும்பி, தபால் திறந்தபோது எனக்கு வயது அறுபத்திரண்டு. சென்ற மாதம் ரஷ்யாவின் வொரோனெஷ் நகரத்திலிருந்து ஓர் உறை வந்தது. பிரிக்கப் பயந்து, ஒரு முழு நாள் ரொட்டிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

திரிதா எழுதியிருந்தாள். ரஷ்ய மொழியில், மரியாதையாக, முன்பின் தெரியாதவருக்கு எழுதுவது போல.

‘அம்மா மார்ச்சில் இறந்துவிட்டார். நம்மைக் காப்பாற்றத்தான் அப்பா அனுப்பினார் என்று கடைசிவரை சொன்னார். மாமாக்கள் சிரிப்பார்கள், பதவிக்காகத் துரத்தினான் என்பார்கள். நான் அம்மா பக்கம். உங்கள் ஊரில் இப்போது பழைய கோப்புகளைக் கேட்டால் காட்டுகிறார்களாமே. அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை விமானத்தில் வருகிறேன். உங்கள் கோப்பைப் படி எடுத்துப் போய் அவர்கள் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும்.’

இன்று செவ்வாய். நாளை மறுநாள் அந்த வியாழன். என் கோப்பில் அவர்களைப் பற்றி ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது. அதில் அவள் பெயரும் இருக்கிறது.