அடைத்த வீட்டின் வாசனை

லுயீஸ் கண் விழித்தபோது வாசலில் யாரோ அவருடைய மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அலெக்சாந்த்ரா அம்மா! அம்மா, அலெக்சாந்த்ரா அம்மா!"

மழை பெய்த மதியம். எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்ததால் அறைக்குள் அந்தி நேரம் போல இருட்டியிருந்தது. தூக்கம் முழுதாகக் கலையாத அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து தெருமுனையில் இறங்கியிருக்கிறாள். பார்த்த யாரோ சந்தோஷத்தில் கூப்பிடுகிறார்கள். அந்தத் தெருவில் அவள் பெயரை யாரும் உரக்கச் சொல்லி மூன்று வருஷமாகிறது. முதல் வருஷம் "மதாம் எப்ப வர்றாங்க?" என்று கேட்டார்கள். "நொயேலுக்கு" என்று கிறிஸ்துமஸைச் சொன்னார். அடுத்த வருஷமும் நொயேலுக்கு என்றுதான் சொன்னார். அதற்கப்புறம் கேட்பதை அவர்களே விட்டுவிட்டார்கள்.

அவள் இருட்டு வீட்டுக்குள் வரக்கூடாது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். கதவுப் பக்கத்தில் சுவிட்ச் பலகை இருந்தது. கையை நீட்டினார்.

"உள்ள யாரு? லைட்ட போடாதீங்க! எந்த சுவிட்சையும் தொடாதீங்க!"

விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அப்படியே நின்றார்.

"கேஸ் லீக்குங்க. தாப்பாள மட்டும் மெதுவா எடுங்க."

கதவைத் திறந்தார். மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள் கையில் பையுடன் நின்றிருந்தார். லுயீஸ் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நனைந்த தெரு. ஓரமாக ஓர் ஆட்டோ. முனையில் டீக்கடைத் தகரத்தின் கீழே, மாடியில் குடியிருக்கும் பார்வதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். வேறு யாரும் இல்லை.

"மதாம் எங்க?" என்று கேட்டார் லுயீஸ்.

"அத நான்ல கேக்கணும். உள்ள வேற யார் இருக்காங்க?"

லுயீஸ் இன்னொரு தடவை தெருமுனையைப் பார்த்தார்.

"யாரும் இல்ல."

வந்தவர் பெயர் கலியமூர்த்தி. கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக். மாடிப்படியில் இறங்கும்போது நாற்றம் தாங்காமல் பார்வதிதான் தெருவுக்குப் போய் போன் செய்திருந்தாள். அதற்கு முன்னால் கதவைத் தட்டியும் பார்த்திருக்கிறாள். லுயீஸ் எழுந்திருக்கவில்லை. லீக் என்று சந்தேகம் உள்ள வீட்டில் காலிங் பெல்லை அழுத்தக் கூடாது, அதற்குள் பறக்கும் சின்னப் பொறியே போதும். அதனால் கலியமூர்த்தி எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டிவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இந்த முகவரிக்கு ஏஜென்சியில் இருந்த பெயர் அலெக்சாந்த்ரா. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லுயீஸை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவர் உள்ளே போனார். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரின் வாயில் பிளாஸ்டிக் மூடியை மாட்டி, அதைக் குழந்தையைத் தூக்குவது போல இடுப்போடு அணைத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கத்து முற்றத்தில் மழையில் வைத்தார். சமையலறை ஜன்னலைத் திறந்தார். கொக்கி துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுக்கவேண்டியிருந்தது. கூடத்து ஜன்னல்களைத் திறந்தார். பிறகு படுக்கையறைப் பக்கம் போனார்.

லுயீஸ் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

"அந்த ரூம் வேணாம்."

"ஏன்?"

"அங்க அடுப்பு ஏதும் இல்ல."

"கேஸ் அதெல்லாம் பாக்காது முசியே. தரையோட தரையா தண்ணி மாதிரி ஓடும். கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்கும். நீங்க வெளிய நில்லுங்க."

அந்த அறையின் ஜன்னல்களை லுயீஸ் வேண்டுமென்றேதான் சாத்தி வைத்திருந்தார். அவள் கிளம்பிப் போன வாரத்தில், அலமாரியைத் திறந்தால் அவள் பவுடரும் நாப்தலின் உருண்டையும் கலந்த வாசனை வந்தது. தலையணையில் ஒரு வாசனை. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பழைய வீட்டு உடுப்பில் இன்னொன்று. காற்று அதைக் கொண்டுபோய்விடும் என்று ஒருநாள் தோன்றியது. முதலில் அந்த ஓர் அறையை மட்டும் அடைத்தார். பிறகு எல்லாவற்றையும் அடைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அவளிடம் சொல்லியிருக்கலாம். போனில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

கலியமூர்த்தி அறைக்குள் போனார். ஜன்னல் கதவுகள் கிறீச்சிட்டன. மழைக்காற்று ஒரே மூச்சில் உள்ளே வந்தது. திரைச்சீலை எழும்பி, கதவுக்குப் பின்னாலிருந்த உடுப்பு ஆடி, கொக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஈரத்துண்டை எடுத்துத் தரையோரமாக வீசி வீசி வாசல் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார் மெக்கானிக். கண்ணுக்குத் தெரியாத ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருபவர் மாதிரி இருந்தது. லுயீஸ் படிக்கட்டில் ஒதுங்கி வழிவிட்டார். அவர் காலைத் தாண்டி எல்லாம் தெருவுக்குப் போயிற்று.

வெகு நேரம் கழித்து இருவரும் சமையலறைக்குள் நின்றார்கள். கலியமூர்த்தி அடுப்பிலிருந்து ரப்பர் டியூபை உருவி வளைத்துக் காட்டினார். வளைத்த இடத்தில் வறண்ட உதடு போல நிறைய வெடிப்புகள்.

"இது ஒரே நாள்ல வந்தது இல்ல. ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா போயிட்டு இருந்திருக்கு. இன்னிக்கு விட்டுடுச்சு. சிலிண்டர் சீக்கிரம் தீந்திருக்குமே?"

தீர்ந்திருந்தது. தனி ஆளுக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது என்று அவருக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. வயசானால் காப்பி அதிகம் குடிப்போம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"எனக்கு நாத்தமே தெரியலயே," என்றார். "மூக்கு கெட்டுப்போச்சா?"

"மூக்கு நல்லாதான் இருக்கும். அதுலயே இருந்தா பழகிடும். வெளியிலேர்ந்து வர்றவங்களுக்குத்தான் தெரியும்." புது டியூபைப் பொருத்திக்கொண்டே, பேச்சோடு பேச்சாகக் கேட்டார் கலியமூர்த்தி. "இங்க யாரும் வந்து போறதில்லியா?"

"ஏன் கேக்கறீங்க?"

"வந்திருந்தா சொல்லியிருப்பாங்க."

லுயீஸ் மின்துறையில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். நெல்லித்தோப்பிலும் உழவர்கரையிலும் அவர் ஏறாத படி குறைவு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசனை உண்டென்று அவருக்குத் தெரியும். மீன் குழம்பு வீடு, பிள்ளைத்தாய்ச்சி வீடு, நாய் வளர்க்கும் வீடு, சாம்பிராணி வீடு. உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. தன் வீட்டின் வாசனை என்னவென்று ஒரு நாளும் அவர் யோசித்ததில்லை. வேலைவிட்டுக் கதவைத் திறந்து வந்தால் அவள் இருப்பாள். அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

கலியமூர்த்தி சோப்புத் தண்ணீரைத் தொட்டு மூட்டுகளில் தடவினார். குமிழி வரவில்லை. பிறகு பார்வதியைக் கூப்பிட்டு, ஒரு வாரத்துக்குத் தினமும் கீழே இறங்கும்போது உள்ளே மூக்கை நீட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

"ஜவுளிக்கடையில நாள் பூரா புடவைய நீட்டறேன். மூக்கையும் நீட்டிட்டாப் போச்சு," என்றாள் பார்வதி.

கிளம்பும்போது கலியமூர்த்தி லுயீஸிடம் சொன்னார். "நீங்களே பாக்கணும்னா கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்க. உள்ளயே குந்திக்கிட்டு மோந்தா ஒண்ணும் தெரியாது."

அன்று மாலை அலெக்சாந்த்ரா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் செய்வாள். இன்றைக்கு ஞாயிறு என்பதே அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரையில் அவள் பின்னால், பிரெஞ்சு நாட்டில் இருக்கும் மகள் ஏலோதியின் சமையலறை தெரிந்தது. மகளின் முதல் பிரசவத்துக்கென்று போனவள். பிறகு இரண்டாவது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்து உணவகத்தில் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் போனபோது எந்த நாட்டுக் குடிமகன் என்று கையெழுத்துக் கேட்டார்கள். அவள் அப்பா பிரெஞ்சுக் குடிமகன் என்று போட்டார், லுயீஸின் அப்பா போடவில்லை. அதனால் அவளால் அங்கே இருக்க முடிந்தது. இவர் ஒரு குளிர்காலம் விசாவில் போய் இருந்துவிட்டு, மூச்சுமுட்டித் திரும்பிவிட்டார். யாரும் யாரையும் விட்டுவிடவில்லை. சண்டை ஒன்றும் இல்லை.

கேஸ் விஷயத்தைச் சொன்னார். அவள் பயந்துபோனாள். நிறைய திட்டினாள். அந்தத் திட்டு நன்றாக இருந்தது. வாசலில் தன் பெயரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டதும் சிரித்தாள்.

"என் பேர்லயா இன்னும் இருக்குது? உங்க பேருக்கு மாத்திடுங்க. எதுக்கு வீணா?"

அவர் சரி என்றார். அவள் பின்னால் குழந்தை ஏதோ தட்டிவிட, அவள் திரும்பி பிரெஞ்சில் அதட்டினாள். பிறகு ஊரில் மழை எப்படி என்று கேட்டாள். இந்த நொயேல் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பார்வதி படியிறங்கி, கதவோரம் நின்று மூச்சை இழுத்தாள். "இல்ல முசியே," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் லுயீஸ் அவள் இறங்கும் நேரத்துக்கு முன்பே சட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வைத்திருந்தார். ஒருநாள் அவள் கொஞ்சம் நின்று, "கேஸ் இல்ல, ஆனா ஈரத்துணிய உள்ளயே காயப்போடறீங்க," என்று குற்றம் சொன்னாள். அன்று முழுவதும் அவருக்கு யாரோ வீட்டுக்கு வந்துபோன மாதிரி இருந்தது.

வார முடிவில் கலியமூர்த்தி வந்து மறுபடி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை, இனிமேல் தினமும் பார்க்கத் தேவையில்லை என்று பார்வதியிடம் அவரே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த காலையில் அவள் செருப்புச் சத்தம் படியிறங்கி, கதவைத் தாண்டி, நிற்காமல் தெருவுக்குப் போயிற்று.

லுயீஸ் சமையலறையில் நின்றார். ரெகுலேட்டர் திறந்திருந்தது. அடுப்பின் குமிழில் கை இருந்தது. தீக்குச்சி கையில் இல்லை. கொஞ்சமாகத் திருப்பினால் போதும். படிக்கட்டு வரைக்கும் எட்டும் அளவுக்கு. சாயங்காலம் பார்வதி வருவாள், மூக்கைப் பொத்துவாள், போன் செய்வாள். மழைக்கோட்டுக்காரர் வருவார். வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி இன்னொரு தடவை கூப்பிடுவார்.

குமிழின் விளிம்பு விரலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மாடியில் பார்வதியின் மகன் ஏதோ பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

அவர் கையை எடுத்தார். குனிந்து ரெகுலேட்டரையும் மூடினார். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போனார்.

மார்க்கெட் வரை நடந்தார். மழை விட்டிருந்தது. மீன்காரிகள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர், "கரண்டு முசியே, பாத்து ரொம்ப நாளாச்சே," என்றார். இவருக்கு அந்த முகம் நினைவில் இல்லை, வீட்டு மீட்டர் மட்டும் நினைவில் இருந்தது, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உயரத்தில். சிரித்துவிட்டு நகர்ந்தார். பேக்கரி வாசலில் வெறுமனே நின்றார். மூக்கு முழுவதும் வெளிக்காற்று நிறைந்த பிறகு திரும்பினார்.

கதவைத் திறந்து, உள்ளே கால் வைக்காமல், வாசலில் நின்றபடி மூச்சை இழுத்தார்.

ஈரத்துணி. புது ரப்பர். நேற்றைய ரசம். பழைய செய்தித்தாள். தைலம். கேஸ் இல்லை.

மறுபடி இழுத்தார். படுக்கையறை வரை போய், அலமாரியைத் திறந்து அங்கேயும் இழுத்தார். நாப்தலின் இருந்தது. தரையில் விழுந்த உடுப்பை அன்றே எடுத்து மாட்டியிருந்தார். அதில் முகத்தை வைத்துப் பார்த்தார். தூசி. இது அன்றைக்குத் திறந்ததால் போனதா, எப்போதோ போய்விட்டதை அவர் அறியாமல் பூட்டிக் காத்தாரா, தெரியவில்லை. ஓர் ஆள் மட்டும் இருக்கிற வீட்டின் வாசனை. மீட்டர் பார்க்கப் போன நாட்களில் இப்படிப்பட்ட வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறார். அங்கேயெல்லாம் சீக்கிரம் எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஜன்னல்களைத் திறந்தார். எல்லாவற்றையும். பிறகு ரெகுலேட்டரைத் திறந்து, தீக்குச்சியைக் கிழித்து, அதற்குப் பிறகு குமிழைத் திருப்பிக் காப்பி வைத்தார். பொடியில் வெந்நீர் விழுந்ததும் வாசனை எழும்பி, அவரைச் சுற்றிவிட்டு ஜன்னல் வழியாகத் தெருப்பக்கம் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் அந்த வாசனையும் அவருக்குத் தெரியாமல் போயிற்று. டம்ளரோடு ஜன்னலருகே உட்கார்ந்தார். அதைச் சாத்தவில்லை.