திரும்பப் பெறாத கோல்

எங்கள் பால்மார் ஊர் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண் முன்னால் கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருக்கும்; அதைப் பார்த்தபடியே டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்டு அதே ஆட்டத்தின் வர்ணனையையும் கேட்பார்கள். பந்து வலைக்குள் போனதைத் தாங்களே பார்த்திருந்தாலும், நான் வானொலியில் "கோல்" என்று இழுத்த பிறகுதான் எழுந்து குதிப்பார்கள். "சத்துர்னீனோ சொல்லிட்டாரா?" என்பதுதான் ஊரில் பேச்சு. இருபத்திரண்டு வருஷம் நான் சொன்ன ஒரு கோலைக்கூடத் திரும்பப் பெற்றதில்லை. அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஹோண்டுராஸ் முழுக்க மழை பொய்த்தது. அணை வற்றி, நாளுக்குப் பத்து மணி நேரம் மின்சாரம் இல்லை. எங்கள் வானொலி நிலையத்தை இரண்டு லாரி பேட்டரிகளை வைத்து ஓட்டினோம். ஊரில் ரயில் நின்று வருஷங்கள் ஆகியிருந்தன, வாழைத்தோட்டக் கம்பெனியும் மூட்டை கட்டிவிட்டது. பால்மார் என்ற பெயர் செய்தித்தாளில் வந்தால் அது ஃபெர்ரோகாரில் அணியால்தான். ரயில்வே கூலிகள் ஆரம்பித்த அணி. "ஃபெர்ரோகாரில்" என்றால் ஸ்பானிஷில் ரயில் பாதை, நாங்கள் "ரயில்" என்றே சொல்வோம். அந்த ரயிலும் அந்த சீசனில் முதல் பிரிவை விட்டு இறங்கும் நிலைக்கு வந்திருந்தது.

கடைசி நாள் கணக்கு இதுதான். அடிமட்டத்தில் நாங்களும் மினேரோஸ் அணியும் சமப் புள்ளி. எங்களில் ஒருவர் இறங்கியாக வேண்டும், கோல் வித்தியாசம் அவர்களுக்குச் சாதகம். அவர்கள் தெற்கே சொலுத்தேக்காவில் ஆடுகிறார்கள், நாங்கள் உள்ளூரில். அவர்கள் தோற்றால் எங்களுக்கு டிரா போதும். அவர்கள் டிரா செய்தால் நாங்கள் ஜெயித்தே ஆகவேண்டும். இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில், மதியம் மூன்று மணிக்கு.

காலையில் எவாரிஸ்டோ நோராலெஸ் என் வீட்டுக்கு வந்தான். அணித்தலைவன், தடுப்பாட்டக்காரன், முப்பத்தைந்து வயது. அவன் மகளுக்கு நான்தான் ஞானத்தந்தை, அதனால் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. ரயில் முதல் பிரிவில் தங்கினால் அடுத்த வருஷம் அவனைப் பயிற்சியாளராக்குவதாகக் கமிட்டி வாக்குக் கொடுத்திருந்தது. இறங்கிவிட்டால் அணியையே கலைப்பதாகப் பேச்சு. கையில் அவன் மனைவி பெத்ரோனா சுட்ட தேங்காய் ரொட்டி, இன்னும் சூடாக இருந்தது.

"கொம்பாத்ரே, இன்னைக்கு உன் தொண்டையை நம்பித்தான் இறங்குறோம்" என்றான்.

"என் தொண்டை கோல் போடாதுடா. உன் பசங்களைப் போடச் சொல்லு."

"போடுவாங்க. ஆனா சொலுத்தேக்காவுல என்ன நடக்குதுன்னு மைதானத்துக்குள்ள எங்களுக்குத் தெரியாது. ஜனங்க கத்துறதை நம்ப மாட்டேன், பாதிப் பேர் குடிச்சிருப்பான். சந்தேகம் வந்தா மேலே உன்னைப் பார்த்துக் கையைத் தூக்குவேன். கட்டைவிரலைக் காட்டு, போதும்."

"காட்டலைன்னா?"

"காட்டலைன்னா ஏறி அடிப்போம். செத்தாலும் பரவாயில்லை."

எங்கள் வர்ணனைக் கூண்டு மரத்தால் ஆனது, பார்வையாளர் மேடைக்கு மேலே புறாக்கூடு மாதிரி நிற்கும். அதில் ஒரு முழத் தண்டவாளத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வேறு மைதானத்தில் கோல் விழுந்தால் என் உதவியாளர் மெலேசியோ அதைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டால் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நான் வாயைத் திறப்பேன்.

எழுபத்தாறாவது நிமிஷம் எங்கள் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. சொலுத்தேக்காவில் கோல் எதுவும் இல்லை. அப்போது தொலைபேசி அடித்தது. அங்கே எங்கள் ஆள் தூலியோ, மைதானத்துக்குப் பின்னால் ஒரு பலசரக்குக் கடைத் தொலைபேசியில் இருந்தான். மெலேசியோ கேட்டான், கண் விரிந்தது, சுத்தியலை எடுத்தான். மினேரோஸ் கோல் வாங்கிவிட்டது! நான் பாடினேன். ஒரே மூச்சில் முப்பது விநாடி பாடியிருப்பேன். மேடையில் ஆறாயிரம் பேர் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்து அழுதார்கள். வியாபாரத்தை மறந்து ஒருத்தி தன் கூடை ஆரஞ்சை எல்லாம் வானத்தில் வீசினாள்.

மூன்று நிமிஷத்தில் தொலைபேசி மறுபடி அடித்தது. மெலேசியோ இந்தத் தடவை சுத்தியலைத் தொடவில்லை. சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதி என் முன்னால் வைத்தான். "கோல் இல்லை. ஆஃப்சைடு."

வாசித்தேன். கீழே அந்த ஜனங்களைப் பார்த்தேன். மைக் என் வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. "மன்னிக்கவும், அந்தக் கோல் செல்லாது" என்று நாலு சொல். இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாத நாலு சொல். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதே, சொலுத்தேக்காக்காரன் எப்படியும் ஒன்று போடுவான், அப்போது என் கோல் உண்மையாகிவிடும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அண்ணே..." என்றான் மெலேசியோ.

"சும்மா இரு" என்றேன்.

எண்பத்து நாலாவது நிமிஷம் எவாரிஸ்டோ நடுக்கோட்டில் நின்று மேலே பார்த்தான். கையைத் தூக்கினான். ஆறாயிரம் பேர் கத்துகிற இடத்தில் அவன் என் ஒருவனிடம்தான் கேட்டான். நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் ரயிலை நிறுத்தினான். இளம் முன்னாட்டக்காரன் வில்மெர் ஒரு முறை கோல்கீப்பருக்கு எதிரே தனியாகப் போனான். எவாரிஸ்டோ தொண்டை கிழியக் கத்தி அவனைக் கொடிக்கம்ப மூலைக்குத் திருப்பி, பந்தைக் காலடியில் அடைகாக்கச் சொன்னான். பந்தைப் பறிகொடுத்தால் எதிரணி கோல் போடலாம், டிரா போய்விடும். நான் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் அதுதான் சரியான ஆட்டம். விசில் ஊதியது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி மைதானம் சுற்றி வருவதற்குள் வேறொரு வானொலியைக் கேட்டவன் எவனோ உண்மையைச் சொல்லிவிட்டான். சொலுத்தேக்காவில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம், ரயில் முதல் பிரிவை விட்டு இறங்கிவிட்டது. தோளில் தூக்கியவர்கள் அவனை இறக்கிவிடவில்லை, அப்படியே போட்டார்கள்.

திங்கட்கிழமை என் நிகழ்ச்சிக்குத் தொலைபேசி ஓயவில்லை. ஆரஞ்சை வீசினவளும், அழுதவனும், "பந்தைப் பிடிச்சு வை" என்று கத்தினவனும் சேர்ந்து ஒரே குரலில் கேட்டார்கள், யார் குற்றம் என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "எங்களுக்கு வந்த செய்தியை நாங்கள் சொன்னோம். மைதானத்தில் முடிவெடுத்தது அணித்தலைவர்."

அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. புதன்கிழமைக்குள் எவாரிஸ்டோ விலைபோய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. வில்மெரைத் திருப்பியதை எல்லாரும் பார்த்தார்களே! சான் பெத்ரோ நகரத்தில் அவனுக்கு வீடு கட்டுகிறார்களாம், மினேரோஸ் முதலாளியோடு அவன் மீன் சாப்பிட்டானாம். பெத்ரோனாவின் ரொட்டியைச் சந்தையில் யாரும் தொடவில்லை. மகள் மார்செலினா பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கில் ரத்தத்தோடு வந்தாள். தூலியோ என்னைக் கூப்பிட்டு, "ரெண்டாவது தடவையும் கூப்பிட்டேனே அண்ணே" என்றான். லைன் சரியில்லை என்றேன். மெலேசியோ அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. அடுத்த வருஷம் வேலையை விட்டுப் போனான்.

ரயிலைக் கலைத்த மாதமே எவாரிஸ்டோ சரக்குக் கப்பலில் வேலை தேடிக்கொண்டான். பஸ் நிலையத்துக்கு நான் மட்டும்தான் போனேன். ஒரு பை, ஒரு ஜோடி பூட்ஸ்.

"கப்பல்ல எதுக்குடா பூட்ஸ்?"

"கப்பல்லயும் பந்து உருளும்" என்றான். பிறகு சாதாரணமாக, மணி கேட்பதுபோலக் கேட்டான். "அன்னைக்கு ஒரு சீட்டைப் படிச்சு பையில வச்சியே, என்ன எழுதியிருந்துச்சு?"

அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். "எந்தச் சீட்டு? அதுவா... சோப்பு விளம்பரம்."

"அந்த நேரத்துலயா சோப்பு?" சிரித்தான். என் தோளைத் தட்டினான். "சரி, கொம்பாத்ரே. என் பொண்ணைப் பார்த்துக்கோ."

பதினோரு வருஷம் அவன் ஊர்ப் பக்கம் வரவில்லை.

எங்கள் ஊரில் யாராவது இறந்தால் குடும்பத்தார் நிலையத்துக்கு வந்து எழுதிக் கொடுப்பார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் அதை வாசிப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை பெத்ரோனா வந்தாள். கறுப்பு உடுத்தியிருந்தாள். எவாரிஸ்டோவுக்குக் கப்பல் தளத்திலேயே மாரடைப்பு. உடலை நியூ ஆர்லியன்ஸில் புதைத்துவிட்டார்கள். தாளை நீட்டினாள். "ஃபெர்ரோகாரில் அணித்தலைவர்" என்று அவன் பெயருக்கு முன்னால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"பெத்ரோனா," என்றேன், "இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன். அந்தச் சீட்டு..."

"சோப்பு விளம்பரம்னு சொன்னீங்களாமே." அவள் குரல் உயரவில்லை. "பஸ் ஏறின ராத்திரியே போன்ல எங்கிட்ட சொன்னார். வெளியில மூச்சு விடாதே, நம்ம பொண்ணுக்கு ஞானத்தகப்பன்னு சொன்னார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் பண்ணி, சத்துர்னீனோ ஏதாவது சொன்னானான்னுதான் முதல்ல கேட்பார்."

நான் தாளை வாங்கிக்கொண்டேன்.

"சொல்லுங்க," என்றாள். "மைக் எப்பவும் உங்ககிட்டதானே இருந்துச்சு."

பன்னிரண்டு மணிக்குத் தாளை வாசித்தேன். பிறகு தாளை வைத்துவிட்டுச் சொன்னேன். சீட்டைச் சொன்னேன், நிமிஷத்தைச் சொன்னேன், கட்டைவிரலைச் சொன்னேன். அவன் விலைபோகவில்லை, நான்தான் அவனை விற்றேன் என்று சொல்லும்போது குரல் உடைந்து அழுதுவிட்டேன். அந்தக் கோலைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

தொலைபேசி அடித்தது. பழைய ரசிகர், தையல்கார கொன்ராதோ.

"சத்துர்னீனோ, உன்னை மாதிரி மனுஷன் இந்த ஊர்ல இல்லைய்யா. செத்துப்போன கொம்பாத்ரேக்காகப் பழியைத் தூக்கித் தன் தலைமேல போட்டுக்கறியே!"

"இல்லை கொன்ராதோ, நான் சொல்றது நிஜம்..."

"தெரியும், தெரியும். நீ தெரிஞ்சே பொய் கோல் சொல்ற ஆளா? முப்பத்திமூணு வருஷம் கேட்டவன் நான். விடுப்பா. கடவுள் அவனை மன்னிக்கட்டும்."

அதற்குப் பின் வந்த ஆறு அழைப்பும் அப்படித்தான். நான் கத்தினேன், கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். உடல் இல்லாத வீடு. மேஜையில் அவன் படமும் ஒரு பந்தும். ஜெபம் முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நல்ல கொம்பாத்ரே, என்றார்கள். பெத்ரோனா எல்லாருக்கும் காப்பியும் தேங்காய் ரொட்டியும் கொடுத்துக்கொண்டு வந்தாள். கடைசியாக என்னிடம் வந்தாள். கோப்பையை என் கையில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இப்பவும் உங்களைத்தான் நம்புறாங்க, கொம்பாத்ரே."