பாக்கெட்டின் கனம்

டாக்டர் அவன் கையில் சுற்றியிருந்த பட்டையை அவிழ்த்தார். ரத்த அழுத்தக் கருவியின் முள்ளை ஒரு முறை முறைத்துப் பார்த்தார். மறுபடி சுற்றினார்.

"இன்னொரு தடவை பாத்துடலாம்."

அந்த ஒரு வார்த்தையில் கிரேன் ஓட்டுநர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். கட்டடத்தின் உச்சிக்கும் மேலே, ஆள் உட்கார மட்டும் இடமுள்ள கண்ணாடிக் கூண்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தொங்குகிறவன் அவன். அதனாலேயே சைட்டில் அவனுக்கு 'மேகம்' என்று பேர். புயலுக்குப் பயப்படாத மேகம், ஒரு ரப்பர் பட்டையைப் பார்த்து வேர்த்துக் கொட்டியது.

இரண்டாவது தடவையும் முள் மசியவில்லை. ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. சர்க்கரை, எல்லைக் கோட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. கம்பெனி டாக்டர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. மாத்திரை எழுதினார். உப்பையும் சர்க்கரையும் குறைக்கச் சொன்னார். அடுத்த மாதமும் இதே நிலைமை என்றால் தகுதிச் சான்றிதழில் கையெழுத்து கிடையாது, கீழே ஸ்டோரில் உட்காரவேண்டியதுதான் என்றார்.

ஸ்டோர். ஜன்னல் இல்லாத தகர அறை. ஆணியையும் போல்ட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, தலைக்கு மேலே வேறொருத்தன் கிரேன் ஓட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

பிரச்சினையே அந்த நாக்குதான்.

கூண்டுக்கு ஏணியில் ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். அதனால் மேலே என்ன போகிறதோ அதுதான் சாப்பாடு. சிப்ஸ், கிரீம் பிஸ்கட், வெந்நீர் ஊற்றினால் தயாராகிற நூடுல்ஸ், கலர் சோடா. கீழே சுமை மாட்டி முடிக்கிறவரைக்கும் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும்.

இதில் அவனுக்கு ஒரு தீர்மானமான கொள்கையும் இருந்தது. எதையும் எடை போட்டே பழகிய மனசு. சிப்ஸ் பாக்கெட்டைத் தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறது. இவ்வளவு லேசான பண்டம் உடம்பில் எப்படி ஏறும்?

டாக்டர் சொன்னதைக் கேட்டு அன்றைக்கே திருந்தினான். அதாவது, கடையை மாற்றாமல் பாக்கெட்டை மாற்றினான். சோடாவுக்குப் பதில் அட்டைப் பெட்டியில் பழச்சாறு. கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் கோதுமை பிஸ்கட். நூடுல்ஸுக்குப் பதில் பாக்கெட் சூப்.

அவன் மனைவி ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே வெட்டவேண்டும் என்று சொல்லிவிடுவாள். அவளும் தன் பங்குக்கு ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள். வெள்ளரி, கேரட், அவித்த முட்டை, ஆப்பிள், ஒரு பாட்டிலில் சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீர். டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்தது. அவளுக்கு ஏக சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை குட்டு உடைந்தது.

சாப்பாட்டுக்கு அவள் தம்பி வந்திருந்தான். சைட்டில் கீழே நின்று கையசைத்தும் வாக்கி டாக்கியில் பேசியும் மேகத்துக்கு வழி சொல்கிற சிக்னல்காரன். பெல்ட்டை உள்பக்கமாக ஓர் ஓட்டை இழுத்துக் கட்டியிருந்தான். முகத்தில் ஒரு பளபளப்பு. அக்கா கொடுத்த டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தான்.

"எலுமிச்சை இன்னிக்குக் கொஞ்சம் தூக்கல்க்கா. நேத்து இருந்ததுதான் கரெக்ட்."

மேகம் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"நேத்து உனக்கு நான் எப்படா குடுத்தேன்?" என்றாள் அவள்.

தம்பி வாய் திறந்தபடி மாமாவைப் பார்த்தான். மாமா ஏணிக்கடியில் வைத்தே டப்பாவை மச்சினனிடம் தள்ளிவிட்டுப் போன கதை, அப்புறம் பத்தியம் ஒருத்தருக்கும் இளைப்பு இன்னொருத்தருக்குமாக முடிந்த கதை, எல்லாம் ரசம்போலக் கொட்டிவிட்டது. மாற்றி வாங்கிய பாக்கெட்டுகளைக் கேடயமாக நீட்டிப் பார்த்தான் மேகம். அவள் அவற்றைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் படித்தாள். பழச்சாற்றில் சோடாவுக்குச் சளைக்காத சர்க்கரை. சூப்பில் உப்பு, நூடுல்ஸுக்கு அண்ணன். கோதுமை பிஸ்கட்டில் கோதுமையைத் தேடவேண்டியிருந்தது.

திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான். விழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"டப்பாவை ஏன் மேல கொண்டுபோகல? நெஜமான காரணத்தைச் சொல்லுங்க."

"மூடியைத் தொறக்க ஒரு கை, டப்பாவைப் பிடிக்க ஒரு கை. லீவரை உன் தம்பியா வந்து பிடிப்பான்? பாக்கெட்டுன்னா மடியில கெடக்கும். பாக்காமலே கை போகும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, கொள்கையையும் சொல்லிவிட்டான். "அதுவுமில்லாம அதுல என்ன கனம் இருக்கு? பூரா காத்து."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். இரண்டு கரண்டிகளோடும், வெள்ளரியும் முட்டையும் போட்ட டப்பாவோடும் வந்தாள். நாற்காலியின் இரண்டு பக்கமும் கரண்டிகளை லீவர் மாதிரி பிடித்துக்கொண்டு, தம்பியை வாசற்படியில் நின்று சைகை காட்டச் சொன்னாள். இடையிடையே டப்பாவிலிருந்து சாப்பிட்டுப் பார்த்தாள். வெள்ளரித் துண்டு உருண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஓடியது. முட்டை மடியில் விழுந்தது. மேகம் விழுந்து விழுந்து சிரித்தான்.

பாதியில் சிரிப்பு நின்றது. அவள் விளையாடவில்லை. வேர்க்க வேர்க்க மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தாள். அவன் வேலையை இத்தனை வருஷத்தில் யாரும் இப்படி உட்கார்ந்து செய்து பார்த்ததில்லை.

கரண்டிகளைக் கீழே வைத்துவிட்டு அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். கிரேனின் தூணுக்குப் பக்கத்தில் சுளுவாகத் தூக்குகிற கம்பிக் கட்டை, அதே கிரேனின் நீளக் கையின் முனையில் ஏன் தூக்க முடியாது என்று. இந்தக் கேள்வி அவனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. நெஞ்சை நிமிர்த்தி விளக்கினான். எடையை மட்டும் பார்க்கிறவன் கிரேனைக் கவிழ்த்துவிடுவான், எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கு என்றான்.

"அப்ப அந்த பாக்கெட்டுல இருக்கற உப்பும் சர்க்கரையும் எடை கம்மிதான்," என்றாள் அவள் மெதுவாக. "ஆனா நாள் பூரா எறக்காம முனையிலயே தொங்க விட்டிருக்கீங்க. தூண் எத்தனை நாளைக்குங்க தாங்கும்?"

டாக்டர் எண்களைக் காட்டிப் பயமுறுத்தியிருந்தார். அவன் பாஷையில் பேசியது இவள்தான். இந்த மூளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் கடைக்காரன் பேச்சைக் கேட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

அவள் இஞ்ச் டேப்பை எடுத்து அவன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்தாள்.

இரண்டு நாளில் ஒரு பை வந்தது. கெட்டித் துணியில், கூண்டு சீட்டின் இடது கைப்பிடியில் மாட்டுகிற மாதிரி அவளே தைத்தது. பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்க ஒவ்வொரு அறைக்கும் ஓர் அடையாளம். பட்டன் தைத்த அறையில் உப்பில்லாமல் வறுத்த கடலை. மடித்துத் தைத்த விளிம்பு வெள்ளரிக்கும் கேரட்டுக்கும். ஈரம் கசியாமலிருக்க உள்ளே மழைக்கோட்டுத் துணி. ஆழமான அறையில் ஆப்பிள் துண்டுகள். அடியில், மதியத்துக்கு முட்டையும் முழுத்தானிய ரொட்டியும். எலுமிச்சைத் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு குழாய் நேராக வாய்க்கு வந்தது. மொறுமொறுப்பு வேண்டும் என்று அவன் கேட்கவே இல்லை. நாக்கு பாக்கெட்டைத் தேடுவது அந்தச் சத்தத்துக்காகத்தான் என்பதை அவளே கண்டுபிடித்திருந்தாள்.

முதல் வாரம் நரகம். சோடா இல்லாமல் தலை வலித்தது. கடலையை மென்றுகொண்டே கடலையைத் திட்டினான். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒரே ஒரு சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் சீட்டுக்குப் பின்னால், தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில் பதுக்கி வைத்திருந்தான்.

டாக்டரைப் பார்க்கவேண்டிய வாரத்தில் அந்த ஆபத்து வந்தது.

மொட்டை மாடிக்கு ஏற்றவேண்டிய ராட்சத ஏசி இயந்திரம் பாதி வழியில் தொங்கும்போது காற்று கிளம்பியது. சுமை ஊஞ்சலாடியது. வாக்கி டாக்கியில் மச்சினன் குரல் உலர்ந்துபோய் ஒலித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, ஆட்டம் தணியத் தணிய அங்குலம் அங்குலமாக நகர்த்தி, மாடியில் பூப்போல இறக்கிவைத்தான் மேகம். கொக்கியைக் கழற்றிவிட்டார்கள். ஏணியில் இறங்க வழியில்லை, காற்று அடங்கும்வரை கூண்டிலேயே இருக்கவேண்டும்.

வலது கை பின்னால் போய்ச் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து மடியில் போட்டது.

"மாமா, என்ன பண்றீங்க?" என்றான் மச்சினன் வாக்கி டாக்கியில்.

"சாப்பிடறேன் மாப்ள."

சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தான். மடியில் பாக்கெட் பிரிக்கப்படாமல் கிடந்தது. வாயோ மொறுமொறுவென்று மென்றுகொண்டிருந்தது. இடது கை அவனைக் கேட்காமலே பட்டன் வைத்த அறைக்குள் போய் வந்திருந்தது.

அவள் கை வைத்த தையல். சரியான இடத்தில் வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் பாக்கெட்டைக் கீழே கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் போட்டான். அன்றைக்கு இறக்கியதிலேயே பெரிய சுமை அதுதான் என்று மச்சினனிடம் பீற்றிக்கொண்டான்.

டாக்டர் பட்டையை அவிழ்த்தார். முள்ளைப் பார்த்தார். மறுபடி சுற்றினார்.

"இன்னொரு தடவை பாத்துடலாம்."

மேகத்துக்கு அந்தத் தகர ஸ்டோர் கண்முன்னே வந்தது. ஆனால் டாக்டர் இந்தத் தடவை மறுபடி பார்த்தது நம்ப முடியாமல். ரத்த அழுத்தம் வரம்புக்குள் வந்திருந்தது. சர்க்கரை, தூக்கிய காலைப் பின்னுக்கு இழுத்திருந்தது. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று எச்சரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்படி என்னதான் செய்தாய் என்று கேட்டார். மேகம் பையை எடுத்து மேஜைமேல் வைத்தான். டாக்டர் ஒவ்வோர் அறையாக விரலை விட்டுப் பார்த்தார். இதேபோல ஒன்று, மற்ற கிரேன்காரர்களுக்கும் கிடைக்குமா என்றார்.

"அளவெடுக்கணும் சார். அவங்கவங்க கைக்குத்தான் சரிவரும். வீட்ல கேட்டுச் சொல்றேன்."

வெளியே மச்சினன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். சான்றிதழைப் பார்த்துச் சிரித்தான். உடனே மறுபடி தொங்கிவிட்டது.

"சந்தோஷம்தான் மாமா. ஆனா டப்பா வர்றது நின்னதுலேருந்து நான் மறுபடி சிப்ஸுதான் தின்னுட்டிருக்கேன். பெல்ட்டு பழைய ஓட்டைக்கே வந்துடுச்சு."

மேகம் அவன் தோளில் கையைப் போட்டு, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சாணால் அளந்து பார்த்தான்.

"வா மாப்ள. உங்கக்கா வேலை விட்டு வர்ற நேரம்தான்."