பின்னால் போன அடிகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் எரிச்சல்பட்டு நீங்கள் எழுந்து போனால் பழி என் மேல் வரக்கூடாது.

ஒசாகாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் லேசர் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கேயே தலை நரைத்துவிட்டது. நேற்று மதியம், உடன் வேலை செய்யும் மினாசே சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க கதை எழுதுவீங்களாமே, இதை எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, இங்க ஒருத்தருக்கும் புரியாது" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்றது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தொடக்கம்: "குளிர் அறையில் முயலின் தசை வெளிறிப்போய்…" வேண்டாம். இரக்கம் சம்பாதிக்கிற வாக்கியம்.

இரண்டாவது தொடக்கம்: "உயிர் என்பது அசைவு. அசைவு என்பது…" இது மேடைப் பேச்சு. இதுவும் வேண்டாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

உங்கள் தசைக்குள் இழை இழையாகக் கயிறுகள் இருக்கின்றன. பக்கத்திலேயே மயோசின் என்றொரு புரதம். அதற்குத் தலைகள் உண்டு. தலை கயிற்றைப் பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். கோடிக்கணக்கான தலைகள் இப்படி இழுத்தால்தான் நீங்கள் ஒரு தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியும். புண்ணை நோக்கி வெள்ளை அணு ஊர்ந்து போவதற்கும் இதே குடும்பத்துப் புரதங்கள்தான் துணை. இதை வாசிக்க உங்கள் கண் நகர்கிறதே, அதுவும் இவற்றின் உழைப்புத்தான்.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது, இங்கேயே இருக்கட்டும்: இந்த வேலைக்கு எரிபொருள் ஏ.டி.பி. வேடிக்கை என்னவென்றால், பிடித்ததை விடுவதற்குத்தான் புதிய துளி வேண்டும். எரிபொருள் தீர்ந்தால் தலைகளெல்லாம் பிடித்த பிடியிலேயே நின்றுவிடும். பிணம் விறைப்பது அதனால்தான்.)

ஒரே ஒரு மயோசின் தலை கயிற்றில் வைக்கும் அடியை லேசர் ஒளியில் பார்ப்பது மினாசேயின் ஆய்வு. மயோசினை முயல் தசையிலிருந்து அவளே பிரித்தெடுத்தாள். தலை பெரும்பாலும் முன்னால் போயிற்று. சில சமயம் பின்னால் போயிற்று. கருவியின் நடுக்கமாக இருக்குமோ என்று எத்தனையோ விதமாகச் சோதித்துப் பார்த்தாள். கருவி என் பொறுப்பு. அது நடுங்கவில்லை என்று நானும் சொன்னேன்.

பேராசிரியர் அன்சாய் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய வாழ்நாள் கோட்பாடு ஒற்றை வரி: ஒரு துளி எரிபொருள், ஓர் அடி, அதுவும் முன்னால்.

"பின்னாடி போறதெல்லாம் வெறும் ஆட்டம்மா, எடுத்துடு. தசை பின்னாடி இழுத்தா நாமெல்லாம் எப்படி நடப்போம்?"

"தடுமாறித்தானே நடக்கிறோம், சென்செய்" என்றாள் மினாசே, ஆசிரியருக்குரிய மரியாதையோடு.

ஆய்வகக் கூட்டத்தில் இருந்த ஒருவன் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

அந்த அடிகளை நீக்கினால் கட்டுரை வெளிவரும், மார்ச்சில் முடிகிற அவளுடைய ஒப்பந்தமும் நீளும். நீக்காவிட்டால் இரண்டும் இல்லை. இதை யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கே சொல்லமாட்டார்கள்.

3

ஆய்வுக்காக இறந்த விலங்குகளுக்கு ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்தில் அஞ்சலி நடக்கும். மருத்துவக் கட்டடத்தின் பின்புறம் அவற்றுக்கென்று ஒரு கல் நிற்கிறது. கறுப்பு உடையில் வரிசையாக வந்து ஆளுக்கொரு வெள்ளைச் சாமந்தி வைப்போம். ஒருவர் கல்லைப் பார்த்து நன்றி வாசகம் படிப்பார். இந்த முறை அது எங்கள் ஆய்வகத்தின் பொறுப்பு. வாசகத்தை அன்சாய் எழுதினார். படிக்க மினாசேயை அனுப்பினார். மனிதர் அங்கேதான் கோட்டைவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் படித்தாள். "உங்கள் உயிரில் ஒரு துளியையும் வீணாக்கமாட்டோம்" என்ற வரி வந்ததும் நிறுத்தினாள். தாளை மடித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இதை உங்ககிட்ட என்னால படிக்க முடியல. நீங்க பின்னாடி வச்ச அடியையெல்லாம் தூக்கிப் போடப்போறோம். முன்னாடி வச்சது மட்டும் போதுமாம். மன்னிச்சிடுங்க."

கல்லுக்குக் குனிந்து வணங்கினாள். பூவை வைத்தாள். வரிசைக்குத் திரும்பினாள். பேராசிரியரை எதிர்த்துப் பேசக்கூடாது. கல்லிடம் பேசலாம், அதற்குத்தானே அந்த நாள். அவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது அவள் குற்றமா?

2

ஆமாம், மறுபடி இரண்டு. அச்சுப்பிழை இல்லை, திருத்தாதீர்கள். கதை முன்னால்தான் போகவேண்டும் என்று உங்களுக்கும் ஆசை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அங்கே விட்டுப்போனது இது: அன்சாய் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. குளிர்காலத்தில் தன் அண்ணன் தோட்டத்து மிக்கான் ஆரஞ்சுப் பழங்களைக் கூடையோடு கொண்டுவந்து ஆய்வகத்தில் வைப்பார். மினாசேயின் அப்பா படுக்கையில் விழுந்தபோது அவளை ஊருக்கு அனுப்பிவிட்டு, அவள் வேலையைத் தானே பார்த்தார். அவரை வில்லனாக எழுத உட்கார்ந்தால் அந்தப் பழக்கூடை குறுக்கே வந்து நிற்கிறது. கூடையைத் தூக்கி எறிந்தால் கதை சுத்தமாகிவிடும். எறியமாட்டேன். எறிந்தால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

கெட்டவர் என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு நல்ல மனிதர் கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறாரே, அதுதான் பொறுக்கவில்லை.

4

அஞ்சலி முடிந்ததும் எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்சாய் மெல்ல அவளருகே வந்தார்.

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தி. நீ படிச்சது ஒண்ணும் சரியாக் கேக்கல."

மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். காற்று ஜாஸ்திதான், ஆமாம், குளிர் சீக்கிரமே வந்துவிடும் போலிருக்கிறது என்றார்கள். படித்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத புரதத்தின் அசைவை அளக்கத் தெரிந்தவர்கள், ஆளுக்கொன்றாக வானிலை சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் காலை, அன்சாய் திருத்திய கட்டுரை அவள் மேசையில் இருந்தது. படத்தில் எல்லா அடிகளும் முன்னாலேயே போயின. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லவேண்டுமாம். அன்று மதியம்தான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இன்று வியாழன்.

5

முடிவு, ஒன்று: சம்மதிக்கிறாள். வேலை நிலைக்கிறது. அடுத்த ஆண்டு சாமந்தியோடு அதே கல்லின் முன்னால் நிற்கும்போது அவள்… (என்னால் எழுத முடியவில்லை.)

இன்னொன்று: மறுக்கிறாள். மார்ச்சில் மேசையைக் காலி செய்கிறாள். எங்கோ ஒருவர் அதே பின்னடியைப் பார்த்து அறிவிக்க, இங்கே எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். (இதை எழுதினால் பேனாவை உடைத்துவிடுவேன்.)

மற்றொன்று: அன்சாய் மனம் மாறுகிறார். உங்களுக்குப் பிடித்தது இதுதான் என்று தெரியும், எனக்கும்தான். ஆனால் பிடித்ததை விடுவதற்குச் சக்தி வேண்டும் என்றேனே, அது அவரிடம் மிச்சமிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன்.

ஆகவே முடிவு உங்கள் தலையில்.

தமிழில் எழுதுங்கள், இங்கே ஒருவருக்கும் புரியாது என்றாள் அல்லவா? கேட்காது என்று தெரிந்துதான் கல்லிடம் சொன்னாள். படிக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் என்னை எழுதச் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை நீங்களும் ஒரு கல். எனக்கு ஆத்திரம் அவள் மேல் இல்லை. வாயுள்ள ஒரு பெண் கல்லைத் தேடிப்போய்ப் பேசும்படி வைத்தார்களே, அவர்கள் மேல்.

நீங்கள் கல் இல்லையென்றால், நாளை அவள் என்ன சொல்லலாம் என்று நீங்களே சொல்லுங்கள். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். சரியாகக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வரிசையில் நானும் கையில் பூவோடு நின்றிருந்தேன். ஓர் இதழ்கூட அசையவில்லை.

அன்று காற்றே இல்லை.