மதராஸ் விமானமும் சுடலை வீடும்

1964ஆம் ஆண்டு மழைக்காலத்தில், தாராவியில் சுடலையின் வீடு மட்டும் அதிர்ந்தது. காலையில் மதராஸ் விமானம் கிளம்பும்போது தொடங்கி, அது மதராஸில் இறங்கியதும் நின்றது. விமானம் தாமதமான நாட்களில் அதிர்வும் தாமதமாகவே வந்தது. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட பக்கத்து வீட்டில் குடத்துத் தண்ணீர்கூட அசையவில்லை. அந்த வீட்டுச் சாயிரா தயிர்ப்பானையைக் கொண்டுவந்து சுடலை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். விமானம் இறங்குவதற்குள் வெண்ணெய் திரண்டிருக்கும்.

சுடலை செம்பூரில் ஒரு விமான என்ஜின் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். பிட்டர்கள் பூட்டும் ஒவ்வொரு நட்டிலும், அது கழலாதிருக்கக் கம்பி முறுக்குவார்கள். அந்தக் கம்பியை இன்ஸ்பெக்டர் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்த வேண்டும். ஆனால் அங்கே பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். ஒருவருக்கொருவர் சம்பந்தி, சகலை. மதராஸ் விமானத்தின் என்ஜினைப் பூட்டியவர் சுடலையின் மாமனார் தங்கபாண்டி. பெண் கொடுத்தவர் முறுக்கிய கம்பியை இழுத்துப் பார்ப்பது அவரை முகத்துக்கு நேரே சந்தேகப்படுவது என்பதால், சுடலை சற்றுத் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு முத்திரை குத்தியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

தான் இழுத்துப் பார்க்காமல் முத்திரை குத்திய என்ஜின்தான் வீட்டை ஆட்டுகிறது என்று புரிந்த பிறகும் சுடலை வாய் திறக்கவில்லை. சொன்னால் மாமனாரின் வேலை போகும். அடுப்பில் ஆடும் பானையைப் பிடித்துக்கொண்டு மனைவி பேராச்சிதான் பேச்சை எடுத்தார்.

"எங்கய்யா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாவ. வச்சுக்கிடட்டும். அந்தப் பிளேன்ல போறவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பால்லா?"

சுடலை அன்றே கம்பெனியில் சொல்லிவிட்டார். மறுநாள் மேனேஜர் வேங்கடசுப்ரமணியன் மாட்டுங்காவிலிருந்து வந்து, அதிரும் தரையில் உட்கார்ந்து, காபியைச் சிந்தாமல் குடிக்க முயன்று தோற்றார். இதை அன்றைக்கே சொல்லக் கூடாதா என்று மட்டும் கேட்டார். விமானம் இறங்கி வீடு அடங்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள். அடங்கியதும் அவர் கடைத்தெருவுக்கு ஓடி மதராஸுக்குப் போன் செய்து விமானத்தை நிறுத்தினார். என்ஜினைத் திறந்தபோது ஒரு நட்டில் கம்பியே இல்லை. நட்டு கடைசிப் புரியில் நின்றது.

தங்கபாண்டியின் வேலை போகவில்லை. தவறியவருக்கும் சொன்னவருக்கும் தண்டனை இல்லை, மறைத்தவருக்கு மட்டும் உண்டு என்று மேனேஜர் அறிவித்தார். ஆனால் தங்கபாண்டி அந்தத் தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போகவில்லை, பொங்கலுக்கும் போகவில்லை. கோடையில் ஒருநாள், தான் பூட்டிய என்ஜின் பக்கத்தில் நின்றுகொண்டு, பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"தள்ளி நிக்காண்டாம் மருமவனே. இழுத்துப் பாரும்."

அதன் பிறகும் 1969க்குள் தாராவியில் இரண்டு இன்ஸ்பெக்டர்களின் வீடுகளும் செம்பூரில் ஒருவர் வீடும் அதிர்ந்தன. வீட்டுக்காரர்கள் காலையில் கம்பெனிக்கு வந்து சொன்னார்கள். கம்பெனியில் எந்த விமானம் என்று கேட்டு அதை நிறுத்தினார்கள். வந்தவர்களுக்கு டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு அவர்கள் வேலைக்குப் போனார்கள்.