மூன்றாம் எண் வண்டியின் மூடி

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை 8.35 மணிக்கு, கொல்கத்தா டயமண்ட் ஹார்பர் சாலையில் ஜோகாவை நெருங்கும் இடத்தில், நாற்பது வயதான இத்தாலிய மோட்டார் சைக்கிள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது.

ஓட்டி வந்தவர் ஜெயப்ரியா. வயது நாற்பத்து நான்கு. கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமையகத்தின் சிக்னல் பிரிவில் இன்ஜினியர். வண்டியை மெட்ரோ தூண் ஒன்றின் நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, பின்னால் இன்னொரு வண்டியில் வந்த நண்பர் ஹரிஷங்கருக்காகக் காத்திருந்தார்.

'வெர்தானி' என்ற அந்த ஐந்நூறு சிசி வண்டிகள் எண்பதுகளில் ஒரு கட்டுமான வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பொறியாளர்களோடு நகரத்துக்கு வந்தவை. ஆறு வந்தன. இன்று மூன்று ஓடுகின்றன. முதல் எண் சால்ட் லேக்கில் தேபப்ரத லாஹிரியிடம் இருக்கிறது. எல்லோருக்கும் அவர் தேபுதா, அதாவது தேபு அண்ணன். ஹூக்ளி நதியில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் எண், லேக் கார்டன்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பல் டாக்டர் ஹரிஷங்கருடையது. ஜெயப்ரியாவை அவர் வங்காள வழக்கப்படி 'ஜெயாதி', ஜெயா அக்கா, என்றுதான் கூப்பிடுவார். மூன்றாம் எண் ஜெயப்ரியாவுடையது.

ஒவ்வொரு ஜனவரியிலும் நகரத்துப் பழைய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக டயமண்ட் ஹார்பர் போகும். அதைத் தொடங்கியவர்கள் வெர்தானிக்காரர்கள் என்பதால் முன்னால் போவது எப்போதும் ஒரு வெர்தானிதான். மூன்று வண்டிகளுக்கும் முறை உண்டு. 2019இல் மூன்றாம் எண்ணின் முறை வந்தபோது அது ஜெயப்ரியாவின் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நான்கு அட்டைப்பெட்டிகளிலும் ஒரு சாக்கிலும் இருந்தது. 2022இல் அதைக் கட்டி முடித்துவிட்டார். கொரோனாவால் பயணமே நடக்கவில்லை. 2025 ஜனவரி 19 மூன்றாவது முறை.

தேபுதா இதற்கு ஒரு விதி வைத்திருந்தார். முன்னால் போகும் வண்டி, அதற்கு முன் ஒரு ஞாயிறன்று, கிளம்பிய இடத்திலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை சிக்னலைத் தவிர எங்கும் நிற்காமல் ஓடிக்காட்ட வேண்டும். சாட்சிக்கு ஒருவர் பின்னால் வருவார். ஓடிக்காட்டாவிட்டால் முறை அடுத்த வண்டிக்குப் போகும்.

ஹரிஷங்கர் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"கீ ஹோலோ, என்ன ஆச்சு ஜெயாதி? வண்டி தூங்கிட்டாளா?"

"மூச்சு வாங்கற மாதிரி ரெண்டு தடவை இழுத்துது. அப்புறம் ஆஃப்."

"முதல்ல வாயைத் தொறந்து பாக்கணும்." பெட்ரோல் டேங்கின் மூடியைச் சாவி போட்டுத் திறந்து, போன் விளக்கை உள்ளே காட்டினார். எந்த வண்டி நின்றாலும் அவர் முதலில் செய்வது இதுதான். "பெட்ரோல் நெறைய இருக்கு. பல்லு எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ். நரம்புலதான் ப்ராப்ளம்."

மூடியைப் பூட்டினார். தன் வண்டியிலிருந்து இக்னிஷன் காயிலைக் கழற்றி ஜெயப்ரியாவின் வண்டியில் மாட்டி, அவருடையதைத் தன் வண்டிக்கு எடுத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தியதும் வண்டி கிளம்பியது.

"தேக்லே? பாத்தீங்களா, காயில்!"

மறு ஞாயிறு, அதே காயிலோடு, வண்டி தாக்கூர்புக்கூரில் நின்றது. ஹரிஷங்கர் மூடியைத் திறந்து பார்த்தார், பூட்டினார், இரண்டு கார்ப்பரேட்டர்களையும் கழற்றி ஊதினார். கிளம்பியது. டிசம்பர் 29 அன்று ஜோகாவைத் தாண்டி நின்றது. மூடி, விளக்கு, புது பெட்ரோல் டேப். கிளம்பியது. ஜனவரி 5 அன்று பேஹாலா சந்தை நெரிசலில் நின்றது. மூடி, விளக்கு, இரண்டு வண்டிகளுக்கும் இடையே இன்னும் சில பாகங்கள் இடமாற்றம். கிளம்பியது.

"இவளுக்கு என்மேல ஏதோ கோபம் ஜெயாதி," என்றார் ஹரிஷங்கர். அவருடைய வண்டியில் அப்போது பாதிப் பாகங்கள் ஜெயப்ரியாவின் வண்டியிலிருந்து வந்தவை.

வார நாட்களில் வண்டிக்கு ஒன்றும் இல்லை. குவார்ட்டர்ஸிலிருந்து அலுவலகம் பத்து நிமிடம். ஒருமுறைகூட நிற்கவில்லை.

சிக்னல் பிரிவில் ஒரு சர்க்யூட் கெட்டால் ஜெயப்ரியா தன் ஆட்களிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எதைத் தொட்டீங்க?" அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டு, ஆகஸ்டில் உலுபேரியா வரை நிற்காமல் போய்வந்த பிறகு வண்டியில் மாற்றியதையெல்லாம் ஒரு தாளில் எழுதினார். ஏர் ஃபில்டர். பின் பிரேக் கட்டை. இன்ஜின் ஆயில். செப்டம்பரில் வந்த பெட்ரோல் மூடியை எழுதவில்லை. இத்தாலியில் ஒரு பழைய சாமான்காரரோடு பதினான்கு மாதம் மின்னஞ்சலில் பேசி வாங்கிய மூடி அது. நாற்பது வருடம் டப்பாவுக்குள்ளேயே இருந்த புத்தம்புது பாகம். நகரத்தில் இருந்த மூன்று வெர்தானிகளில் அசல் மூடி போட்டது அவருடையது மட்டும்தான். தேபுதாவே அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது" என்று வங்காள மொழியில் சொல்லியிருந்தார். அதைச் சந்தேகிக்க ஜெயப்ரியாவுக்குத் தோன்றவில்லை.

ஜனவரி 12, கடைசி ஞாயிறு. ஹரிஷங்கருக்கு பாருய்பூரில் இலவசப் பல் முகாம் இருந்தது. சாட்சியாக தேபுதாவே வந்தார். ஜெயப்ரியாவின் பின்னால் அவருடைய கணவர் செந்தில்நாதன் உட்கார்ந்திருந்தார். வங்கி அதிகாரி. கியர் வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. வண்டிக்காக அவர் செய்வது வருடத்துக்கு ஒரு நாள் வேலை, ஆயுத பூஜையன்று. முன்னால் போகும் வண்டியின் பின் இருக்கையில் ஒருவர் கொடி பிடிக்க வேண்டும். அதற்காக அன்று பழகிக்கொள்ள வந்தார். கொடி இன்னும் தைத்து வராததால், ஒட்டடைக் கம்பு ஒன்றை நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

"ஜெயா, பேஹாலா தாண்டிட்டோம்."

"பேசாம வாங்க."

"நல்ல விஷயம்தானே சொன்னேன்."

ஜோகாவில் வண்டி இரண்டு முறை இழுத்து நின்றது. மணி 8.31.

தேபுதா பத்தடி தள்ளித் தன் வண்டியை நிறுத்தி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். சாட்சி உதவக்கூடாது என்பதும் அவர் வைத்த விதிதான்; ஹரிஷங்கர் அதைப் பொருட்படுத்தியதில்லை. முறை தவறினால் முன்னால் போவது அவர் வண்டி. அதனாலேயே இன்னும் கண்டிப்பாக இருந்தார்.

ஜெயப்ரியா இருக்கையைக் கழற்றினார். காயிலைத் தொட்டுப் பார்த்தார், சூடில்லை. பிளக்கைக் கழற்றி இன்ஜினில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். நீலமாக, நன்றாகப் பொறி வந்தது. மாட்டினார். கிளம்பவில்லை. பத்து நிமிடம் விட்டு மறுபடி அழுத்தினார். கிளம்பவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. பாட்டரி சத்தம் தளர ஆரம்பித்தது.

"இதுவரைக்கும் இப்படி ஆனதே இல்லை," என்றார். "நிக்கும், ஆனா அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடும்."

"அப்பல்லாம் ஹரி இருந்தார்," என்றார் செந்தில்நாதன், கம்பைத் தோளில் சாய்த்தபடி.

ஜெயப்ரியா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். முகாமின் கூச்சலுக்கு நடுவே ஹரிஷங்கர் பேசினார்.

"சொல்லுங்க ஜெயாதி. ஒரு கடைவாய்ப் பல்லு கையில இருக்கு."

"வண்டி நின்னா நீ முதல்ல என்ன செய்வே?"

"வாயைத் தொறந்து பாப்பேன்."

"எல்லாத் தடவையும்?"

"ஆரே, எல்லாத் தடவையும். நாலு ஞாயித்துக்கிழமையும். ஏன்?"

ஜெயப்ரியா போனைப் பையில் போட்டுவிட்டு, சாவியை மூடியில் செருகித் திருப்பினார். மூடியைத் தூக்கும் முன்பே உள்ளே காற்று சீறிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பத்தடி தள்ளி இருந்த தேபுதாவுக்கும் கேட்டது. அவர் வண்டியிலிருந்து இறங்கினார்.

பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால் அதே அளவு காற்று டேங்குக்குள் போக வேண்டும். மூடியில் அதற்கென்று ஒரு சிறு துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் அரைமணி நேரத்தில் டேங்க் தன் பெட்ரோலைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்தால் விட்டுவிடும். காயிலும் கார்ப்பரேட்டரும் டேப்பும் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஜெயப்ரியா துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றி, மூடியின் நடுவில் இருந்த குழிக்குள் விட்டுக் கிளறினார். வெளிர் மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. உள்ளங்கையில் தட்டி முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க."

"சொல்லு."

"ஆயுத பூஜைக்குச் சந்தனம் எங்க வச்சீங்க?"

"எல்லா வருஷமும் ஹெட்லைட்டுலதான் வைப்பேன். இந்த வருஷம் மூடி புதுசு, நீ அவ்வளவு ஆசையா வாங்கினது. முதல் பொட்டு அதுக்கு இருக்கட்டும்னு வச்சேன். இத்தாலிக்காரன் நடுவுல பொட்டு வைக்கவே ஒரு குழி விட்டிருக்கான், அளவெடுத்த மாதிரி. நல்லா அழுத்தித்தான் வச்சேன், உதிரக்கூடாதுன்னு."

"உதிரவே இல்லைங்க," என்றார் ஜெயப்ரியா.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மெட்ரோ தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். செந்தில்நாதன் ஒட்டடைக் கம்போடு நின்றுகொண்டிருந்தார்.

துளை சுத்தமாகி, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் வானம் தெரிந்தது. வண்டி ஒரே அழுத்தலில் கிளம்பியது. தேபுதா கடிகாரத்தைப் பார்த்தார். விதிப்படி கிளம்பிய இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், ஆனால் ஞாயிறு இன்னும் முடியவில்லை என்று வங்காள மொழியில் சொன்னார்.

கார்டன் ரீச்சுக்குத் திரும்பி, 9.50க்கு மறுபடி கிளம்பினார்கள். பேஹாலா, தாக்கூர்புக்கூர் வந்தன. ஜோகாவில் அந்தத் தூணைக் கடக்கும்போது செந்தில்நாதன் வாயைத் திறக்கவில்லை. கம்பை மட்டும் சற்று உயர்த்தினார். ஆம்தலாவுக்கு அப்பால் சாலை காலியாக இருந்தது. இரண்டு சிலிண்டர்களும் மாறி மாறித் தட்டும் அந்தத் தடித்த சத்தம் சீராக வந்தது. சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, இத்தாலிய மொழிப் புத்தகத்தின் நகலைப் போன் வைத்து மொழிபெயர்த்து, ஜெயப்ரியா தன் கையால் பூட்டிய பாகங்கள்தான் அந்தச் சத்தத்தை எழுப்பின. எந்தச் சத்தம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று அவரால் சொல்ல முடியும். மறுபடி கிளம்பியதிலிருந்து அதில் ஒரு பிசிறும் இல்லை.

11.35க்கு நதிக்கரை வந்தது. டீக்கடையில் மண் குவளைகளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். செந்தில்நாதன் தனக்குத் தெரிந்த வங்காள மொழியைத் திரட்டி, "ஆமார் வைஃப் நிஜே பானியேச்சே," என்றார். என் மனைவி தானே கட்டியது என்று. கடைக்காரர் நம்பவில்லை. செந்தில்நாதன் போனில் நான்கு அட்டைப்பெட்டிகளின் படத்தைத் தேடிக் காட்டினார். சாக்கின் படத்தையும் காட்டினார்.

தேபுதா பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். கப்பல் பதிவேடு மாதிரி அவரே கோடு போட்டது. தேதி, இடம், கோளாறு, காரணம், பொறுப்பு. உரியவர் தன் கையால் எழுத வேண்டும். வருடாந்தரப் பயணத்தன்று எல்லோர் முன்னிலும் அது வாசிக்கப்படும்.

ஜெயப்ரியா எழுதினார். கோளாறு: மூடித் துளை அடைப்பு. காரணம்: சந்தனம். 'பொறுப்பு' என்ற கட்டத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.

"என் பேரை எழுது," என்றார் செந்தில்நாதன்.

"வேண்டாங்க. எல்லார் முன்னாடியும் படிப்பாங்க. புது மூடிங்கறதால நான் பாக்கலை. அது என் தப்பு."

"பொட்டு வச்சது யாரு? ஆறு வருஷமா இந்த வண்டில உன் பேர் இருக்கு, ஹரி பேர் இருக்கு, தேபுதா பேர் இருக்கு. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் நீயே எடுத்துக்கறியா?"

அவர் பேனாவை வாங்கி, ஜெயப்ரியாவின் எழுத்துக்குப் பக்கத்தில் தன் முழுப் பெயரை எழுதி, வங்கியில் போடும் கையெழுத்தைப் போட்டுத் தேதியும் இட்டார். தேபுதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். 'காரணம்' கட்டத்தைச் சுட்டி, "சந்தன்?" என்று கேட்டார். செந்தில்நாதன் தன் நெற்றி நடுவைத் தொட்டுக் காட்டினார். தேபுதா தலையசைத்து, கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

2025 ஜனவரி 19 காலை 7.30 மணிக்கு நகர நடுவில் உள்ள மைதானத்திலிருந்து இருபத்து மூன்று வண்டிகள் கிளம்பின. 9.25க்கு இருபத்தொரு வண்டிகள் டயமண்ட் ஹார்பர் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் எண் முன்னால் சென்றது. எங்கும் நிற்கவில்லை.