ஜூலை மாத மழை

அழகுத்தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றது புரட்டாசி முதல் சனிக்கிழமை. பெருமாள் மலைக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிந்த நாள். ராஜபாளையத்திலிருந்து நின்றபடியே வந்திருக்கிறாள். முந்தானையில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. கையில் மஞ்சள் பை. அவள் யாரென்று எனக்குத் தெரியாது. மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை பார்ப்பதாகவும், என்னிடம் படித்த ரத்தினம் அவளுக்குப் பக்கத்து மெஷின் என்றும் சொன்னாள். "எங்க டீச்சருக்கு உலகமே அத்துபடி, போய்க் கேளுங்கக்கா" என்று ரத்தினம் அனுப்பி வைத்தாளாம். பத்தாம் வகுப்பில் பூகோளத்தில் முப்பத்தாறு மார்க் வாங்கியவள் இந்த ரத்தினம்.

நான் இந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபத்திரண்டு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறேன். ஏழு கண்டத்தையும் கையெடுக்காமல் போர்டில் வரைவேன். நான் போய்ப் பார்த்த தூரமோ வடக்கே திருப்பதி, தெற்கே கன்னியாகுமரி, அவ்வளவுதான். இதை யாரும் இதுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

பையிலிருந்து பதினோரு கடிதங்களை எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தாள். புருஷன் காசிராஜன் மில் பிட்டர். எண்பத்தாறு மே மாதம் ஜாம்பியாவில் ஒரு நூல் மில்லுக்குப் போனவன். கடிதங்கள் அவன் எழுதியவை. ஆனால் எல்லா உறையிலும் நம் ஊர்த் தபால்தலை, பம்பாய் முத்திரை. லீவில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினால் அவர்கள் பம்பாயில் இறங்கித் தபாலில் போடுகிறார்களாம். அங்கே தபால் சரியில்லை என்று எழுதியிருந்தான். பக்கத்து வீட்டு ஜெயபாய் இதைத்தான் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கொழுந்தன் லிபியாவில் இருந்தவன், மணலும் வெயிலும் தவிர வேறெதையும் எழுதாதவன். ஆப்பிரிக்காவில் ஏது குளிர், ஜூலை மாதம் கம்பளி போர்த்திக்கொண்டு கிடக்கிறேன் என்று எழுதுகிறவன் எங்கே இருக்கிறானோ, யாரோடு இருக்கிறானோ என்று ஜெயபாய் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அழகுத்தாய் முதலில் சிரித்திருக்கிறாள், பிறகு சண்டை போட்டிருக்கிறாள். அதற்கும் பிறகு தூக்கம் போய்விட்டது.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. கடைசிக் கடிதத்தில் அவன், வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு ஐப்பசியில் பம்பாய் வந்துவிடு, நான் வந்து அழைத்துப் போகிறேன், பாஸ்போர்ட்டெல்லாம் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தான். அவளுக்கு மில்லில் நிரந்தர வேலை. பதினாலு வருஷ சர்வீஸ். விட்டால் திரும்ப வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். திங்கட்கிழமை மேனேஜரிடம் ராஜினாமாக் காகிதம் கொடுக்க வேண்டும்.

"அந்த ஊர்ல ஆடி மாசம் குளுருமா, குளுராதா? அத மட்டும் சொல்லுங்க டீச்சர். அவிய பொய் எழுதுறாவளான்னு எனக்குத் தெரியணும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்ததை மறைப்பானேன். என் பாடத்தை நம்பி ஒருத்தி பஸ் ஏறி வந்தது அதுவே முதல் தடவை. அட்லஸை எடுத்து விரித்தேன். பூமத்தியரேகையைக் காட்டினேன். ஜாம்பியா அதற்குத் தெற்கே. நமக்குக் கோடை என்றால் அவர்களுக்குக் குளிர்காலம். லிபியா அந்தக் கண்டத்தின் வடக்கு முனை, அது பாலைவனம், அந்த வெயிலை இங்கே கொண்டுவந்து போடக்கூடாது. போதாததற்கு அந்த நாடே நாலாயிரம் அடி உயரத்தில் பீடபூமியாகக் கிடக்கிறது. செண்பகத்தோப்பிலிருந்து மலை மேலே ஏறினால் நமக்கே சிலிர்க்கிறதே, அதுபோல அங்கே ஊர் முழுக்க மலை மேலேதான் இருக்கிறது என்றேன்.

பிறகு கடிதங்களைத் தேதிப்படி வாசித்தேன். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். நான் படிக்கப் படிக்க அவள் உதடும் அசைந்தது. எண்பத்தாறு ஜூலை, விறைக்கிறது, கம்பளி வாங்கினேன். சரி. அக்டோபர், நெருப்பாகக் கொதிக்கிறது, புல்லெல்லாம் கருகிவிட்டது. சரி, அங்கே அக்டோபர்தான் உச்ச வெயில். கிறிஸ்துமஸ் லீவில் மழை, செம்மண் சேறு. சரி. அடுத்த வருஷமும் அப்படியே. பரீட்சைத் தாளுக்கு டிக் அடிப்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டே போனேன். அழகுத்தாய் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். இரண்டு வருஷமாக அவரைச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று அழுதாள். நான் காபி கலக்க எழுந்தேன்.

கடைசிக் கடிதத்தைப் படித்தது பால் அடுப்பில் இருக்கும்போது, நின்றுகொண்டே. தேதி 12.7.88. மகள் நாலாம் வகுப்பு பாஸானதற்குச் சந்தோஷம் என்று ஆரம்பித்திருந்தான். இரண்டாவது பத்தி: "இங்கே நாலு நாளாக விடாத மழை. துவைத்த துணி காயவில்லை. ரோட்டில் முழங்கால் தண்ணீர்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஜூலையில் ஜாம்பியாவில் மழை கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை ஒரு சொட்டு கிடையாது. எத்தனை வருஷமாக போர்டில் எழுதிப் போடுகிறேன், வறண்ட குளிர்காலம் என்று. அவளுக்கு இது உறைக்கவில்லை. குளிர் இருந்தால் மழையும் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஜனவரியில் எழுதியதைத் தேதி மாற்றிப் போட்டுவிட்டானோ என்று பார்த்தால், மகள் பாஸானது மே மாதம். பூமத்தியரேகைக்கு வடக்கே வேறு ஏதாவது தேசத்துக்கு அவனை மாற்றிவிட்டார்களோ? மாற்றினால் எழுதியிருக்க மாட்டானா? இல்லை, புத்தகம்தான் தப்போ? நம் ஜில்லாவுக்கு ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை என்று அதே புத்தகம் சொல்கிறது. ஐப்பசி முழுக்கக் குடத்தோடு தெருக்குழாயில் நான் நின்ற வருஷமும் உண்டு. புத்தகம் சொல்வது சராசரி. ஒருத்தன் துணி காயாத நாலு நாளை அது எப்படிச் சொல்லும்?

காபியைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இனிமேல் ஜெயபாய் வாயைத் திறக்கட்டும் பார்க்கிறேன் என்றாள். கடிதங்களை அடுக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைப் பார்த்தபிறகு சொல்ல வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை வருகிறேன் என்று கூடவே நடந்தேன். வழி முழுக்க மகளுக்கு அங்கே என்ன பள்ளிக்கூடம் இருக்கும், கம்பளி இங்கேயே வாங்கிப் போவதா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். நான் எதற்கோ தலையாட்டினேன்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். இனியும் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்தக் காகிதம் போய்விடும் என்று தோன்றியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அழகுத்தாய், கடைசிக் கடுதாசில மழைன்னு எழுதியிருக்காரே. ஜூலைல அந்த ஊர்ல மழை பெய்யாதும்மா."

அவள் புரியாமல் பார்த்தாள். "பெய்யாதுன்னா, பெய்யவே பெய்யாதா?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"நீங்க போய்ப் பாத்துருக்கீயளா டீச்சர்?"

"இல்லை" என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

பஸ் உறுமத் தொடங்கியது. அவள் மடியிலிருந்த கடிதங்களைக் குனிந்து பார்த்தாள். மேலாக இருந்த உறையைத் திருப்பி அந்த முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். சிரிப்பு போயிருந்தது. கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல மெல்லக் கேட்டாள்.

"அப்ப பம்பாய்ல? ஜூலையில பம்பாய்ல மழை பெய்யுமா டீச்சர்?"

என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரிக்குக்கூட இதற்குப் பதில் தெரியும். நான் வாயைத் திறந்தேன். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. அவள் கழுத்தை வளைத்துத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை உள்ளே இழு என்று யாரோ அதட்டுவது கேட்டது. அவள் இழுக்கவில்லை. பஸ் ரோட்டில் ஏறி ராஜபாளையம் பக்கம் திரும்புகிறவரைக்கும் அந்த முகம் என்னைப் பார்த்தபடியே போனது.